சான்றிதழ் இருக்கு, ஹாலோகிராம் இருக்கு... 83 அணி கையெழுத்து பேட்டை நம்பி வாங்கலாமா?

வைகைக்கரை – வியாழன், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு இருக்கேன், கேள்வி கேட்கிறது இப்பதான்.

ஒரு ஆன்லைன் ஏலத்துல 1983 உலகக் கோப்பையை ஜெயிச்ச நம்ம அணியில 14 பேரும் கையெழுத்துப் போட்ட பேட் வந்திருக்கு. 45,000ல ஆரம்பிச்சு இப்ப 62,000ல நிக்குது. ஞாயித்துக்கிழமை ராத்திரி முடியுது. எங்க பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது, அவருக்கு கபில்னா உயிர். அண்ணன் தம்பி எல்லாரும் சேர்ந்து காசு போட்டு வாங்கித் தரலாம்னு பேசிட்டு இருக்கோம்.

விற்கிறவர் போட்டிருக்கிற விவரம் இது: "வெற்றியின் 40ஆம் ஆண்டான 2023இல் அணியினர் அனைவரிடமும் நேரில் பெற்ற கையெழுத்து. சான்றிதழ் உண்டு." பேட்டோட முன்பக்கம் கறுப்பு மார்க்கர்ல ரெண்டு வரிசையா, வரிசைக்கு ஏழு கையெழுத்து. பின்பக்கம் வெள்ளி கலர்ல ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கர். அதுல இருக்கிற நம்பரை, சான்றிதழ் கொடுத்த கம்பெனியோட வெப்சைட்ல அடிச்சா "அசல்"னு வருது. விற்கிறவருக்கு ரேட்டிங்கும் நல்லா இருக்கு.

வீட்ல எல்லாரும் வாங்கிடலாம்ங்கிறாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலை. எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சள்படை77 – வியாழன், இரவு 9:40

நம்பர் செக் பண்ணி அசல்னு வந்துடுச்சுன்னா அப்புறம் என்ன ப்ரோ? நானும் ரெண்டு ஜெர்சி இப்படித்தான் வாங்கினேன். 14 பேர் கையெழுத்து ஒரே பேட்ல கிடைக்கிறதே பெருசு. விலை ஏறிட்டே போகும், யோசிச்சுட்டு இருந்தா போயிடும்.

பழையபந்து – வியாழன், இரவு 10:25

தம்பி வைகைக்கரை, அவசரமே வேண்டாம். அந்த விவரத்தை இன்னொருதடவை நிதானமா படிங்க. 2023ல, அனைவரிடமும், நேரில்.

யஷ்பால் சர்மா 2021 ஜூலை 13ஆம் தேதி காலமாயிட்டாரு. 83 அரையிறுதியில இங்கிலாந்துக்கு எதிரா 61 ரன் அடிச்சவரு. அந்த அணியில முதல்ல போனவரும் அவர்தான். 2023ல அவர்கிட்ட யார் நேர்ல போய் கையெழுத்து வாங்கினது?

ஒருவேளை அவர் உயிரோட இருக்கும்போதே பேட்ல போட்டிருக்கலாம், மத்தவங்க பின்னாடி போட்டிருக்கலாம். அப்படின்னா விவரம் தப்பு. இல்லைன்னா கையெழுத்து தப்பு. ரெண்டுல எதுவா இருந்தாலும், "அசல்"னு முத்திரை குத்திக் கொடுத்த கம்பெனி இதைக்கூடப் பார்க்கலைங்கிறது உறுதி. பேட்ல யார் யார் பேர் இருக்குன்னு எண்ணி, ஒவ்வொருத்தரும் அந்தத் தேதியில எங்க இருந்தாங்கன்னு பார்க்கிறதுதான் முதல் வேலை. அதுக்குப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம்.

அந்தக் கம்பெனி யாரு? ஆபீஸ் எங்க? கையெழுத்துப் பார்த்தவர் பேர் சான்றிதழ்ல இருக்கா? கம்பெனியோட வெப்சைட்ல நம்பர் அடிச்சா "அசல்"னு மட்டும் வருதா, இல்ல இந்தப் பேட்டோட போட்டோவும் சேர்ந்து வருதா? போட்டோ இல்லாம வெறும் "அசல்"னு வந்தா அது ஒண்ணுக்கும் உதவாது. ஒரே நம்பரைப் பத்து பேட்ல ஒட்டலாம்.

வைகைக்கரை – வெள்ளி, காலை 7:50

ஐயா, யஷ்பால் விஷயம் என் மண்டையில உதிக்கவே இல்ல. ராத்திரியே விற்கிறவருக்கு எழுதிக் கேட்டேன். காலையில பதில் வந்திருக்கு: "அவருடைய கையெழுத்து முன்பே பெறப்பட்டது. சான்றிதழைப் பார்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். எப்ப, யார் வாங்கினாங்கன்னு திரும்பக் கேட்டிருக்கேன்.

சான்றிதழ்ல ஆள் பேர் இல்ல, கோணலா ஒரு கிறுக்கல் மட்டும் இருக்கு. வெப்சைட்ல போட்டோ வரலை. ஏலத்துல போட்டிருந்த நாலு படத்தையும் இங்க இணைச்சிருக்கேன்.

ஆவணக்கண் – வெள்ளி, பகல் 11:30

அரசு தடயவியல் ஆய்வகத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படத்தை மட்டும் வைத்து அசல், போலி என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் பொருளைக் கையில் வாங்குமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் வேகம். ஒரு கிரிக்கெட் வீரர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் போட்ட கையெழுத்து அது. பேனா காற்றிலேயே ஓட ஆரம்பித்துப் பரப்பைத் தொடும், ஓடிக்கொண்டே விலகும். அதனால் தொடக்கமும் முடிவும் கூர்ந்து மெலியும். பார்த்து வரைகிறவன் பேனாவை வைத்துவிட்டு நகர்த்துவான். இரண்டு முனையிலும் மை குண்டாகத் தேங்கும். வளைவுகளில் நடுக்கம் தெரியும். அசல்காரர் எடுக்காத இடத்தில் பேனாவை எடுத்து மறுபடி ஒட்டியிருப்பான். நீங்கள் போட்ட மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது வரிசையில் மேலிருந்து ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது கையெழுத்துகள் மூன்றிலும் கடைசிக் கோடு ஒரே மாதிரி சட்டென்று புள்ளியில் நிற்கிறது. மூன்று பேருக்கும் ஒரே கைப்பழக்கம் இருப்பது அரிது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அடுத்தது அமைப்பு. பதினான்கு பேர் வெவ்வேறு சமயத்தில் ஒரு பேட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் ஒருவர் நேராகப் போடுவார், ஒருவர் சாய்த்துப் போடுவார், இன்னொருவருக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கிப் போடுவார். கேப்டனுக்கு என்று நடுவில் இடம் விடுவார்கள். இந்தப் பேட்டில் கோடு கிழித்து எழுதியது போல ஏழேழாக அடுக்கியிருக்கிறது. அது குற்றமல்ல, ஆனால் ஏன் என்று கேட்க வேண்டிய விஷயம்.

பழைய பொருள்களுக்கு மையும் காகிதமும் பேசும். பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்ததே 1940களின் நடுவில். பழைய கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி இறந்தது 1933இல். அவர் கையெழுத்து பால்பாயின்டில் இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. இன்று எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கும் ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது. காகிதத்தை வெண்மையாக்கும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவியது. அந்தக் காகிதம் புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சென்று ஒளிரும். 1930ஆம் வருட ஆட்டோகிராஃப் தாள் அப்படி ஒளிர்ந்தால் தாள் புதிது. ரூபாய் நோட்டுப் பார்க்கும் சிறு விளக்கே போதும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் போலியைப் பிடிக்கத்தான் உதவும். அசல் என்று நிரூபிக்க உதவாது. பழைய தாளில் பழைய பேனாவால் எழுதுகிற போலிக்காரனும் உண்டு.

மஞ்சள்படை77 – வெள்ளி, மதியம் 1:05

சார் சொல்றது எல்லாம் சரி, ஆனா இப்படிச் சந்தேகப்பட்டா எதையுமே வாங்க முடியாதே. சின்ன ஏலத்தை விடுங்க. லண்டன்ல பெரிய ஏல நிறுவனங்கள் இருக்கு, வீரரே கையெழுத்துப் போட்ட சான்றிதழோட விக்கிறாங்க. அதையாவது நம்பலாம்ல?

பழையபந்து – வெள்ளி, இரவு 8:15

மஞ்சள்படை, நல்ல கேள்வி. நீங்க சொன்ன மாதிரியே பெரிய நிறுவனம், வீரரே கையெழுத்துப் போட்ட சான்றிதழ், ரெண்டும் இருந்த ஒரு பந்தோட கதையைச் சொல்றேன். பந்து நம்ம நாட்டுக்காரர் கைக்குத்தான் வந்தது, அதனால எனக்கு இதுல தனி அக்கறை.

1968 ஆகஸ்ட் 31, வேல்ஸ்ல ஸ்வான்சீ, செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். கிளமார்கன், நாட்டிங்காம்ஷயர்னு ரெண்டு கவுண்டி அணிகளுக்கு ஆட்டம். கிளமார்கனோட மால்கம் நாஷ் போட்ட ஒரே ஓவர்ல, நாட்டிங்காம்ஷயருக்கு ஆடின வெஸ்ட் இண்டீஸ்காரர் கேரி சோபர்ஸ் ஆறு சிக்ஸர் அடிச்சாரு. முதல்தர கிரிக்கெட்ல அதுவரைக்கும் யாரும் செய்யாத காரியம். அஞ்சாவது பந்தை எல்லைக்கோட்டுல பிடிச்சவர் பந்தோட கோட்டைத் தாண்டி விழுந்துட்டாரு, அதனால அதுவும் சிக்ஸர். ஆறாவது பந்து மைதானத்தை விட்டே வெளியில போயிடுச்சு. பிபிசி கேமரா அங்க இருந்ததால ஓவர் முழுக்கப் படத்துல இருக்கு.

2006ல கிறிஸ்டீஸ் நிறுவனம் அந்தப் பந்துன்னு ஒண்ணை லண்டன்ல ஏலம் விட்டது. 26,400 பவுண்டுக்குப் போச்சு. ஒரு கிரிக்கெட் பந்துக்கு அதுவரைக்கும் யாரும் கொடுக்காத விலை. வாங்கினது இந்தியாக்காரர். பந்து அசல்னு சோபர்ஸே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கூட இருந்தது. இதுக்கு மேல என்ன வேணும்னு தோணும்ல?

ஏலம் போன பந்து டியூக் கம்பெனி தயாரிப்பு. ஓவரைப் போட்ட நாஷ் என்ன சொன்னாருன்னா, அன்னைக்கு அந்த ஓவர் முழுக்க ஒரே பந்துதான், அது ஸ்டூவர்ட் சர்ரிட்ஜ் தயாரிப்பு. ஏலக் குறிப்புல அந்த ஓவர்ல ஒண்ணுக்கு மேல பந்து மாத்தினதா இருந்தது. படத்தை ஓட்டிப் பார்த்தா மாத்தின மாதிரி தெரியலை. கிரகாம் லாயிட்ங்கிற பத்திரிகையாளர் வருஷக்கணக்கா இதுக்குப் பின்னாடி அலைஞ்சு, நாஷ்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் பேசி, அது அந்தப் பந்தே இல்லைன்னு எழுதினாரு. ஏலம் ரத்தாகலை.

சோபர்ஸ் பொய் சொன்னாருன்னு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டேன். பேட்ஸ்மேன் பந்தை அடிக்கிறவரு. அதுல எந்தக் கம்பெனி முத்திரை இருக்குன்னு பார்க்க அவருக்கு என்ன அவசியம்? தையலைத் தடவி, துடைச்சு, தேய்ச்சு, ஒவ்வொரு தடவையும் கையில வெச்சுப் பார்க்கிறவன் பவுலர். பந்தைப் பத்தி யார்கிட்ட சான்றிதழ் வாங்கணும்னு முன்னாடியே யோசிச்சிருந்தா நாஷ்கிட்டதான் போயிருப்பாங்க. வருஷங்கள் கழிச்சு ஒரு பந்தைக் காட்டி "இதுதானே?"ன்னு கேட்டா, பெரிய மனுஷன் நல்ல எண்ணத்துல ஆமான்னு சொல்லுவாரு. அது நினைவு, சாட்சியம் ஆகாது.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: பொருள் அந்த இடத்துல இருந்து இந்தக் கைக்கு எந்த வழியா வந்தது? பிராட்மேன் 1947-48ல இந்தியாவுக்கு எதிரா போட்ட ஆஸ்திரேலிய அணியோட பச்சைத் தொப்பி 2024 டிசம்பர்ல சிட்னியில ஏலத்துக்கு வந்தது. அவர் அதை நம்ம அணியோட மேனேஜர் பங்கஜ் குப்தாவுக்குக் கொடுத்தாருங்கிற வழி சொல்லப்பட்டது. அந்த வழி நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க நமக்கு ஆள், தேதி, தொடர் எல்லாம் இருக்கு. உங்க பேட்டுக்கு அந்த மாதிரி ஒரு வரிகூட இல்லையே, தம்பி.

ரிவர்ஸ்ஸ்விங் – வெள்ளி, இரவு 10:50

பழையபந்து அண்ணன் சொன்னதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு. வீரரோட குடும்பமே "இது அது இல்லை"ன்னு சொல்லி, பொருளே பதில் சொன்ன கதை.

1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி, கால்பந்து உலகக் கோப்பையில அர்ஜென்டினா–இங்கிலாந்து ஆட்டம். மரடோனா கையால தட்டின கோலும், பாதி மைதானத்தை ஓடிக் கடந்து அடிச்ச கோலும் ஒரே ஆட்டத்துல, ரெண்டுமே இரண்டாம் பாதியில. ஆட்டம் முடிஞ்சதும் இங்கிலாந்தோட ஸ்டீவ் ஹாட்ஜ் மரடோனாகிட்ட சட்டையை மாத்திக்கிட்டாரு. முதல் கோலுக்கு முன்னாடி பந்தைத் தப்பா பின்னாடி தூக்கிவிட்டவரும் அவரேதான். பல வருஷம் மான்செஸ்டர்ல தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்துல அந்தச் சட்டை இருந்தது. 2022ல சதபீஸ் ஏலத்துக்கு வந்தப்ப, மரடோனாவோட மகள் டால்மா, ஹாட்ஜ்கிட்ட இருக்கிறது முதல் பாதியில போட்ட சட்டை, கோல் அடிச்ச சட்டை இல்லைன்னு சொன்னாங்க.

இங்கதான் போட்டோ ஒப்பீடு வருது. அந்த ஆட்டத்துக்காக அர்ஜென்டினா ஆளுங்க அவசர அவசரமா மெக்சிகோ கடையில லேசான நீலச் சட்டை வாங்கி, அணிச் சின்னத்தைக் கையால தைச்சு, வெள்ளி கலர் நம்பரை அயர்ன் பண்ணி ஒட்டினாங்க. அதனால ஒரு சட்டை மாதிரி இன்னொண்ணு இல்ல. சின்னம் தைச்ச விதம், கோடு வந்து சேர்ற இடம், நம்பர் உட்கார்ந்திருக்கிற கோணம் எல்லாம் சட்டைக்குச் சட்டை மாறும். கோல் அடிச்ச நேரத்துப் புகைப்படங்களோட அதை வெச்சுப் பார்த்து, ரெண்டு கோலுக்கும் இதே சட்டைதான்னு சதபீஸ் சொன்னது. 71 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. ஆலையில ஒழுங்கா தைச்ச சட்டையா இருந்திருந்தா இவ்வளவு சுலபமா ஒப்பிட்டிருக்க முடியுமாங்கிறது சந்தேகம்தான்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1932 உலகத் தொடர்ல போட்ட சட்டை 2005ல 9,40,000 டாலருக்குப் போச்சு. புகைப்படத்தோட ஒத்துப்போனதா சொல்லப்பட்ட பிறகு 2024ல 2 கோடியே 41 லட்சம் டாலர். சந்தை மதிக்கிறது எதைன்னு இதுல தெரியுது.

ஆனா இது போட்டு விளையாடின துணிக்கும் பேட்டுக்கும்தான் ஆகும். வெறும் கையெழுத்துக்கு உதவாது.

ஸ்காபரோக்காரன் – சனி, அதிகாலை 5:20

தம்பி வைகைக்கரை, நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச பேஸ்பால், ஐஸ் ஹாக்கி சாமான் சேர்க்கிற ஆக்கள் கனபேர். ஹாலோகிராமை நம்புறதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேணும்.

தொண்ணூறுகளின்ர கடைசியில அமெரிக்காவில எஃப்பிஐ "ஆபரேஷன் புல்பென்" எண்டு ஒரு விசாரணை நடத்தினது. சான் டியகோ பக்கம். டோனி குவின் எண்ட பெரிய பேஸ்பால் ஆட்டக்காரர், தன்ர சொந்த அணியின்ர கடையிலேயே தன்ர பேரில போலிக் கையெழுத்து விக்கிறதைக் கண்டிருக்கிறார். கிரெக் மரினோ எண்டவர்தான் போலிக் கையெழுத்துப் போட்ட முக்கியமான ஆள். பேப் ரூத், மிக்கி மான்டில் எல்லாம் எழுதித் தள்ளினார். அன்னை தெரேசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கூட அந்தக் கும்பலிட்ட இருந்து பிடிபட்டது. அந்த அம்மா பேஸ்பாலில கையெழுத்து வைப்பாவோ எண்டு வாங்கினவை யோசிக்கேல்லை, ஏனெண்டால் அதோட சான்றிதழ் இருந்தது. 1999 அக்டோபரில சோதனை போட்டவை. பிறகு 18 கும்பல், 63 பேர் எண்டு வழக்கு விரிஞ்சது. போலிக்குச் சான்றிதழ் எழுதிக் குடுக்கிறதுக்கெண்டே ஆக்கள் இருந்தவை. அதைத்தான் எல்லாரும் விளங்கிக்கொள்ள வேணும். சான்றிதழும் அதே கடைச் சரக்கு.

அதுக்குப் பிறகு 2001இல மேஜர் லீக் பேஸ்பால் தாங்களே ஒரு முறையைக் கொண்டு வந்தவை. ஒவ்வொரு ஆட்டத்திலையும் ஒரு ஆள் இருந்து, பந்து ஆட்டத்தில இருந்து வெளிய வாறதைக் கண்ணால பாத்து, உடனேயே ஸ்டிக்கர் ஒட்டிப் பதியிறார். பெரும்பாலும் பொலிசில வேலை செய்த ஆக்கள். அந்த ஹாலோகிராமுக்கு மதிப்பு ஸ்டிக்கரால வாறேல்லை, அங்க நிண்டு பாத்த மனிசனால வாறது. ஒரு கம்பெனி தன்ர மேசையில இருந்து ஒட்டுற ஸ்டிக்கரும் இதுவும் ஒண்டில்லை.

இன்னொண்டு. ஈலை மானிங் எண்ட அமெரிக்கக் கால்பந்துக்காரரிலையும் அவற்ற அணியிலையும் 2014இல சேகரிப்பாளர்கள் வழக்குப் போட்டவை, ஆட்டத்தில பாவிச்ச ஹெல்மெட் எண்டு பாவிக்காததை வித்தது எண்டு. "ஆட்டத்தில பாவிச்சது மாதிரித் தெரியக்கூடிய" ரெண்டு ஹெல்மெட் கேட்டு அவர் எழுதின மின்னஞ்சல் வெளிய வந்தது. தான் அந்த அர்த்தத்தில எழுதேல்லை எண்டு மறுத்தார். 2018இல தவறு எண்டு ஒண்டையும் ஒத்துக்கொள்ளாமல் சமரசம். அதால, அணியிட்ட இருந்து நேர வந்தது எண்டாலும் கேள்வி கேக்கத்தான் வேணும்.

மஞ்சள்படை77 – சனி, காலை 10:10

சோபர்ஸ் பந்து கதை படிச்சதுல இருந்து என் ரெண்டு ஜெர்சியையும் எடுத்து வெச்சுப் பார்த்துட்டு இருக்கேன். ஒண்ணுல "மேட்ச் வோர்ன்"னு இல்ல, "பிளேயர் எடிஷன்"னு எழுதியிருக்கு. இது ரெண்டும் ஒண்ணா?

ரிவர்ஸ்ஸ்விங் – சனி, காலை 10:45

இல்லப்பா, வேற வேற. ஆட்டத்துல போட்டது ஒண்ணு. வீரருக்காக அணி கொடுத்து, அவர் போடாமலே இருந்தது இன்னொண்ணு. வீரர் போடுற அதே துணி, அதே வெட்டுல கடைக்கு வர்றதைத்தான் பிளேயர் எடிஷன்ங்கிறாங்க. அதுக்கும் கீழ ரசிகர்களுக்கான சாதா ஜெர்சி. பல ஏலத்துல கடைசி ரெண்டையும் முதல் ரகம் மாதிரி படம் பிடிச்சுப் போடுறாங்க. வார்த்தையை மட்டும் ஜாக்கிரதையா எழுதியிருப்பாங்க. பின்னாடி கேட்டா "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு கையை விரிச்சிடுவாங்க.

லெக்ஸ்பின் – சனி, மாலை 4:30

நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன், சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

விவரத்தில் "அசல்" என்று எழுதி விற்று, அது போலி என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் செய்யலாம். 2020 மின்வணிக விதிகளின்படி தளத்துக்குக் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் அங்கே எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு ஓட வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. தொழிலாக இல்லாமல் தன் வீட்டுப் பொருளை விற்கும் தனிநபருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. மாதம் நாலு பேட் விற்கிறவரும் "என் சொந்தச் சேகரிப்பு" என்று போடுவதன் காரணம் பல நேரம் இதுதான். அவர் முன்பு விற்றவை என்னென்ன என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் தளத்தின் வழியாக மட்டும் கட்டுங்கள். "கமிஷன் மிச்சமாகும், நேரா யுபிஐ-ல போடுங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

பழையபந்து – சனி, மாலை 6:00

விலை ஏறுறதைப் பத்தியும் ஒரு வார்த்தை. "62,000ல நிக்குது"ன்னா 62,000 கொடுக்க வேற ஒருத்தர் தயார்னு அர்த்தம் இல்ல. விற்கிறவரே வேற பேர்ல ஏத்திவிடுறது பழைய தந்திரம். அமெரிக்காவுல ஒரு காலத்துல இந்தத் தொழில்லயே பெரிய ஆளா இருந்த பில் மாஸ்ட்ரோ, தன் ஏலங்கள்ல அந்த மாதிரி பொய்யா ஏலம் கேட்டு விலை ஏத்தினதை ஒத்துக்கிட்டு 2015ல 20 மாசம் தண்டனை வாங்கினாரு. உலகத்துலயே பேர்போன ஹோனஸ் வாக்னர்ங்கிற வீரரோட படம் போட்ட பேஸ்பால் அட்டையை, அதான் 1991ல ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டா 4,51,000 டாலருக்கு வாங்கினது, அதோட ஓரத்தை வெட்டி நேராக்கினதையும் ஒத்துக்கிட்டாரு. பிஎஸ்ஏங்கிற, அட்டைகளோட தரம் பார்க்கிற கம்பெனி முதல் முதல்ல தரம் போட்டுக் கொடுத்த அட்டையே அதுதான்.

வைகைக்கரை – ஞாயிறு, பகல் 12:20

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்றேன். யஷ்பால் கையெழுத்து எப்ப வாங்கினதுன்னு மூணாவது தடவை கேட்டதும் பதில் நின்னுடுச்சு. நேத்து ராத்திரி அந்த ஏலத்தையே காணோம். இன்னைக்குக் காலையில அதே தளத்துல வேற விற்பனையாளர் பேர்ல அதே பேட் வந்திருக்கு. பேட்டோட கீழ் முனையில இடது பக்கம் நகம் அளவுக்கு ஒரு சில்லு பேர்ந்திருந்தது, அது அப்படியே இருக்கு. ஹாலோகிராம் நம்பரும் அதே. விவரத்துல மட்டும் 2023ங்கிறதும் "நேரில்"ங்கிறதும் இல்ல. வெறும் "அணியினர் கையெழுத்து"ன்னு இருக்கு.

லெக்ஸ்பின் சார் சொன்னபடி ரெண்டு விளம்பரத்தையும் படம் எடுத்து, தளத்தோட குறைதீர் அதிகாரிக்கு அனுப்பிட்டேன். புகார் எண் வந்திருக்கு. நாங்க வாங்கலை. பெரியப்பா விஷயத்தைக் கேட்டுட்டு, போலி வாங்காம விட்டதே எனக்குப் பரிசுன்னுட்டாரு.

நெறியாளர் – ஞாயிறு, பகல் 1:00

பேட்டின் படங்களும் ஹாலோகிராம் எண்ணும் இந்த இழையின் மேலே நிலையாக வைக்கப்பட்டுள்ளன. விற்பனையாளர் பெயரை இங்கே எழுத வேண்டாம். வேறு எங்காவது இந்தப் பேட்டைப் பார்த்தால் படத்தோடு தெரிவியுங்கள்.

திருவல்லிக்கேணி – ஞாயிறு, இரவு 8:40

இதைப் படிச்சதும் எங்க வீட்டு விஷயம் ஒண்ணு கேட்கத் தோணுது. அப்பாகிட்ட ஒரு ஆட்டோகிராஃப் புத்தகம் இருக்கு. 1967 ஜனவரியில சேப்பாக்கத்துல வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் நடந்தப்ப, ஸ்கூல் பையனா ஓடி ஓடி வாங்கினது. சோபர்ஸ், கன்ஹாய், ஹால், கிரிஃபித், கிப்ஸ் எல்லாம் இருக்கு. அப்பாவுக்கு இப்ப வயசாயிடுச்சு. விக்கிற எண்ணம் இல்ல. ஆனா எனக்குப் பிறகு என் பசங்க இதை யார்கிட்ட காட்டினாலும் போலின்னு சொல்லிடுவாங்களோன்னு கவலையா இருக்கு. சான்றிதழ் ஏதாவது வாங்கி வைக்கணுமா? லேமினேட் பண்ணிடலாமா?

ஆவணக்கண் – ஞாயிறு, இரவு 9:30

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் மையைக் கெடுத்துவிடும், பிறகு யாராலும் சோதிக்கவும் முடியாது. பக்கத்தைக் கிழிக்காதீர்கள். புத்தகமாக முழுசாக இருப்பதுதான் அதன் பலம். அப்பாவின் நண்பர்கள் எழுதிய பக்கங்கள், பள்ளி முத்திரை, விலைச் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும். வேறு வேறு பேனா, கோணல் மாணலான வரிகள், ஒருவர் பெயர் மேல் இன்னொருவர் பெயர், இவையெல்லாம் நல்ல அடையாளங்கள். பலர் கை பட்டது அதில் தெரியும்.

இப்போது சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. சான்றிதழுக்கும் மேலான ஒன்றை உங்கள் அப்பாவால் தர முடியும். உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த நாள், மைதானத்தில் எந்த வாசல், யாரோடு போனார், பேனா யாருடையது, யார் யார் போட்டார்கள், யார் மறுத்தார்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அவர் பேசுவதை வீடியோவாக எடுங்கள், புத்தகம் அவர் கையில் இருக்கட்டும். பிறகு அவரையே தன் கைப்பட ஒரு தாளில் எழுதித் தேதி போடச் சொல்லுங்கள். அந்த டெஸ்ட் டிக்கெட் அடிக்கட்டையோ, அந்த வருடத்துப் பள்ளிப் புகைப்படமோ இருந்தால் கூட வையுங்கள்.

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம்ம ஊர் வேர்வைக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

திருவல்லிக்கேணி – ஞாயிறு, இரவு 10:05

மிக்க நன்றி ஐயா. அப்பாவைக் கேட்டேன். ஹால் போட்ட பக்கத்துல மை கொட்டியிருக்கிறது அவர் பேனாவால இல்ல, கூட வந்த சிநேகிதர் பேனாவாலன்னு இப்பதான் சொன்னாரு. அந்தச் சிநேகிதர் இன்னமும் மயிலாப்பூர்லதான் இருக்காராம். நாளைக்கு ரெண்டு பேரையும் சேர்த்து உட்காரவெச்சு வீடியோ எடுக்கிறேன்.